அடாப்டர் பிடிக்கிற ஆள்

இதை எடுக்கவா அதை எடுக்கவா, மாதாவே, இடது கையில் ஒன்று வலது கையில் ஒன்று, இரண்டும் கறுப்பு, இரண்டும் ஆறு வோல்ட், இரண்டின் வால் நுனியிலும் அதே குட்டிக் குழல், ஆனால் ஒன்றில் குழலுக்கு உள்ளே பிளஸ் வெளியே மைனஸ், மற்றதில் உள்ளே மைனஸ் வெளியே பிளஸ், அவ்வளவுதான் மேடம் வித்தியாசம் என்று சொல்லிவிட்டு நிஜாம் பாய் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதானாம்! மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் பாய் என்று கேட்டேன். "பெரிசா ஒண்ணும் ஆகாது, உள்ள இருக்கிறது போயிடும்" என்றார் சாவகாசமாக. "உங்க மெஷின் எந்த வகைன்னு நீங்கதான் சொல்லணும், ஜப்பான் சரக்கு, முப்பது வருசத்துக்கு முந்தினது, நான் இதைப் பாத்ததே இல்ல. யோசிச்சு வைங்க, தொழுதுட்டு வந்துடறேன். கடையைக் கொஞ்சம் பாத்துக்குங்க." இப்போது ரிச்சி தெருவில், ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிற இந்தச் சந்துக் கடைக்கு நான்தான் காவல். தலைக்கு மேலே அடாப்டர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பொருள் காத்திருக்குமாம், சேராத பொருளோடு சேர்த்தால் எரித்துவிடுமாம். நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கிறது. இத்தனைக்கும் மின்வாரிய ஆபீஸில் வேலை பார்க்கிறவள் நான், எத்தனை வீட்டுக்கு பில் போட்டிருக்கிறேன், கரண்டுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது. வெளியே சொல்லாதே ஜெசிந்தா, சிரிப்பார்கள்.

மடியில் ஹேண்ட்பேக், பேக்குக்குள் துண்டில் சுற்றி அந்தக் கையடக்க வீடியோ கேம், அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், இருக்கிறது. அம்மா தைத்துப் போட்ட காப்பிக் கலர் ரெக்ஸின் உறை, திரைக்கு ஒரு சதுரம், பட்டனுக்கு வட்டம் வட்டமாக ஓட்டை. அப்பா கப்பலில் இருந்து வந்து இறங்கிய அன்றைக்கே அம்மா மிஷினில் உட்கார்ந்துவிட்டாள், எங்கள் வீட்டில் உறை போடாத வெளிநாட்டுப் பொருளே கிடையாது, ரேடியோவுக்கு உறை, டார்ச்சுக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு பாலிதீனும் அதன் மேல் ரப்பர் பேண்டும். "அழுக்காயிட்டா பொறவு அது கப்பல் சாமானாலே?" என்பாள். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் கப்பல்காரர் வீடு எல்லாமே அப்படித்தான். நான் ஏன் இதை நினைக்கிறேன், எது உள்ளே எது வெளியே என்று அல்லவா நினைக்க வேண்டும். ரெமி இருந்தால் சொல்லிவிடுவான். இருக்கிறான், வாயைத் திறந்து சொல்ல முடியாமல் பெரம்பூரில் கட்டிலில் இருக்கிறான், என் தம்பி, முந்தாநாள் வரைக்கும் வாயில் ஒரு வார்த்தை கிடையாது.

அந்த வார்த்தை. பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்து, பேச்சும் போன பிறகு, மாசக்கணக்கில் நாங்கள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தோம். முதல் வார்த்தை எதுவாக இருக்கும் என்று ஆளுக்கொரு எதிர்பார்ப்பு. பெல்சி, அவன் பெண்டாட்டி, தன் பெயர்தான் வரும் என்று இருந்தாள். பங்குச் சாமியார் வந்து ஜெபித்துவிட்டு சேசுவே என்று சொல்லுப்பா என்றார். நான் அக்கா என்பான் என்று எதிர்பார்த்தேன், அதில் என்ன வெட்கம். முந்தாநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது கையைத் தட்டிவிட்டான், என்னைப் பார்த்தான், தொண்டையில் என்னவோ உருண்டது, தெளிவாக, மாதா சத்தியமாகத் தெளிவாக, "அடாப்டர்" என்றான். பெல்சி ஓடிப் போய் போன் சார்ஜரைக் கொண்டுவந்து காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். லேப்டாப் அடாப்டரைக் காட்டினாள், கொசு மருந்து மிஷினைக்கூடக் காட்டினாள் பாவம், அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இத்தனை வருசம் கூடக் குடும்பம் நடத்துனவ மைனி, என் பேரு வரல, அடாப்டர்தான் வருது" என்று அடுப்படியில் வந்து அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது, என்னையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது, எந்த அடாப்டர் என்று. அதைச் சொல்லும்போது அவனுடைய நல்ல கை, இடது கை, சுவர் மூலையில் தரையோரமாக எதையோ காட்டியது, அங்கே ஒன்றும் இல்லை, வெறும் சுவர், ஆனால் எங்கள் தூத்துக்குடி வீட்டில் சரியாக அந்த மூலையில்தான் பிளக் பாயிண்ட் இருந்தது.

அதைப் பிளக் பாயிண்ட் என்று சொன்னால் பாவம். ஓட்டை. உள்ளே தகடு எல்லாம் தளர்ந்து, எதைச் சொருகினாலும் தொங்கிப் போகும். அந்தக் காலத்து அடாப்டரோ கனமான கட்டி, ஒரு நொடி நிற்காது, பொத்தென்று விழும். மாற்றித் தாங்கப்பா என்றால் அப்பா அடுத்த லீவுக்கு வரும்போது பார்ப்போம் என்பார், அடுத்த லீவுக்கும் அதையேதான் சொல்வார். அதனால் எங்கள் வீட்டில் விளையாட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் விளையாட, ஒருவர் அடாப்டரைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க. ரெமி கதவோரம் வெளிச்சத்தில் உட்காருவான், வயர் அதுவரைக்கும்தான் எட்டும், நான் மூலையில் குத்த வைத்துக் கையால் அழுத்திக்கொண்டிருப்பேன், அது கதகதவென்று சூடேறும், உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கும். திரை அவன் பக்கம், எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த விளையாட்டில் ஒரு குட்டி மனுசன், நாங்கள் மிக்கேல் என்று பெயர் வைத்திருந்தோம், கலங்கரை விளக்கத்தின் உள்ளே ஏணி ஏணியாக ஏறுவான், இடையில் நண்டு வரும், பீப்பாய் உருளும், தாண்டித் தாண்டி மேலே போனால் உச்சியில் விளக்கு. நடுவில் என் கை கொஞ்சம் ஆடினாலும் போச்சு, திரை செத்துவிடும், மறுபடி கீழ்ப்படியில் இருந்து. "விட்றாத, விட்றாதக்கா" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பான். "விடல லே, நீ ஏறு" என்பேன். ஒருநாள் உச்சிக்குப் போய்விட்டான். "அக்கா, விளக்கு எரியுது, மேல விளக்கு எரியுதுக்கா, வந்து பாரேன்" என்று கத்தினான். எப்படிப் போவேன், போனால் அணைந்துவிடுமே. நான் அந்த விளக்கைப் பார்த்ததே இல்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், வாயைப் பிளந்துகொண்டு, முன்பல் விழுந்த ஓட்டையோடு. அதுவே எனக்குப் போதும் என்று இருந்தது, இப்போதும் போதும் என்றுதான் இருக்கிறது.

கை வலிக்கிறது, இரண்டையும் இவ்வளவு நேரமாகத் தராசு மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், மேசையில் வைக்கிறேன், எது எந்தக் கையில் இருந்தது, அய்யோ, சரி, அதில்தான் எழுதியிருக்கிறதே. இரண்டிலும் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு கோடு. நன்றாக யோசித்துப் பார், அந்தக் காலத்து அடாப்டரில் எந்தப் பக்கம் பிளஸ்? எப்படித் தெரியும்? கப்பலில் வந்த அடாப்டரை அப்பாவே முதல் நாளே எரித்துவிட்டார், ஜப்பானில் கரண்டு நம் கரண்டில் பாதிகூட இல்லை என்பதை மறந்து நேராகச் சுவரில் சொருகிவிட்டார், ஒரு பட்டாசுச் சத்தம், ஒரு நாற்றம், அப்பாவின் முகம் சுருங்கிப் போனது. நல்லவேளை கேமை அதில் மாட்டியிருக்கவில்லை. பிறகு எலக்ட்ரீசியன் தங்கதுரை அண்ணன் ஒரு லோக்கல் அடாப்டர் கொண்டுவந்து, கேமையும் கையில் வாங்கி ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, வயரை அறுத்து மாற்றி ஒட்டி, டேப் சுற்றி, "இனி இதைத் தொடக் கூடாது" என்று போய்விட்டார். அந்த அடாப்டர் வீடு காலி பண்ணும்போது எங்கேயோ போனது. கேம் மட்டும் அம்மா பீரோவில் கிடந்தது, அம்மா போன பிறகு என் பீரோவில். ஓடுமோ ஓடாதோ அதுவே தெரியாது. ஓடினால்? தப்பானதை மாட்டி, அவன் கண் முன்னால் புகைந்துவிட்டால்? அவன் தானாக வாய் திறந்து கேட்ட முதல் பொருள் இது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொன்னாள், "அவர் என்ன ஆசைப்படுறாரோ அதைப் பிடிச்சுக்கிட்டே போங்கம்மா, ஆசைதான் இழுத்துட்டு வரும்" என்று. அந்த ஆசை புகையாகப் போனால் பிறகு எதைக் கேட்பான்? கேட்கவே மாட்டான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். பயமாக இருக்கிறது எனக்கு, ஒரு புள்ளிக்கும் கோட்டுக்கும் இப்படிப் பயப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் போடி என்றிருப்பேன்.

ஆனால் என்ன ஒரு அதிசயம் இது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், ரத்தம் அடைத்த இடம் ஒரு புளியங்கொட்டை அளவுதான், அதற்குள் பெண்டாட்டி பெயர் போயிற்று, அருள் நிறைந்த மரியே போயிற்று, வீட்டுக்கு வழி போயிற்று, ஆனால் தூத்துக்குடி வீட்டு மூலையில் அழுத்திப் பிடித்த ஒரு கறுப்புக் கட்டி மட்டும் தப்பித்துக் கிடக்கிறது. எங்கே போய் ஒளிந்துகொண்டது அது? யார் அதை அழியாமல் பிடித்துக்கொண்டார்கள்? நான் தலையைத் தூக்கி மேலே தொங்குகிற அடாப்டர்களைப் பார்க்கிறேன், ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளையாக எழுத்து, இன்ன வோல்ட், இன்ன நாடு, வட்டம், புள்ளி, கோடு. பாயின் மேசையில் கிடக்கிற ரேடியோவைத் திருப்புகிறேன், அதன் முதுகிலும் இருக்கிறது. கால்குலேட்டர் முதுகிலும் இருக்கிறது. எல்லாப் பொருளும் முதுகில் தன் ஜாதகத்தை எழுதி வைத்திருக்கிறது, எங்கள் கேமின் முதுகில் மட்டும் ரெக்ஸின். முதுகில் ரெக்ஸின். அடியே ஜெசிந்தா. அடியே மடச்சி. ரெக்ஸினா முதுகு? அது அம்மா தைத்த உறை அல்லவா, தங்கதுரை அண்ணன் ஓரத்தைத் தூக்கி எதைப் பார்த்தார் என்று நினைத்தாய்? இத்தனை வருசமும் நானும் அவனும் அதற்கு முதுகே காப்பிக் கலர்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை, அம்மா தைத்ததைப் பிரிப்பார்களா யாராவது.

பாயின் மேசையில் வயர் சீவுகிற பிளேடு கிடக்கிறது. எடுக்கிறேன். கடைக்காரர் இல்லாதபோது எடுக்கலாமா, எடுத்துக் கேட்டுக்கொள்ளலாம். அம்மாவின் தையல் நெருக்கமானது, இரட்டைத் தையல், நூல் இன்னும் விறைப்பாக இருக்கிறது, முதல் நூலை அறுக்கும்போது "எளா, பாத்து" என்று அம்மா சொல்வதுபோலக் காதில் விழுகிறது, பார்த்துத்தான் அறுக்கிறேன்மா. ஒன்று, அடுத்தது, ஒரு பக்கம் முழுக்கத் திறந்துவிட்டது. உறையைத் தோலுரிப்பதுபோல உரிக்கிறேன். வெள்ளை. பால் வெள்ளை, ஓரத்தில் லேசாக ஒரு நீலம், ஒரு கீறல் இல்லை, ஒரு விரல் அழுக்கு இல்லை, முதுகில் கடையில் ஒட்டிய மெல்லிய கண்ணாடிக் காகிதம்கூட உரியாமல் இருக்கிறது. நேற்றுப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிறது, நான் கிழவியாகப் போகிறேன், ரெமி விழுந்துவிட்டான், அம்மா இல்லை, அப்பா இல்லை, இது மட்டும் இன்னும் தொடங்கவே இல்லை. எப்பேர்ப்பட்ட உறை தைத்தாய் அம்மா. எல்லாவற்றையும் நல்ல நாளைக்கு நல்ல நாளைக்கு என்று எடுத்து வைப்பாளே, அந்த நல்ல நாள் இன்றைக்கா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறேன், எல்லாம் ஜப்பான் எழுத்து, ஒன்றும் புரியாது, ஆனால் கீழே, குட்டியாக, வட்டம், நடுவில் புள்ளி, புள்ளியில் இருந்து ஒரு கோடு போய், அதன் முனையில் மைனஸ். உள்ளே மைனஸ். மைனஸ்! சந்தில் போகிற ஒருவர் திரும்பிப் பார்க்கிறார், சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல.

நிஜாம் பாய் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார், மேசையில் கிடந்த ரெக்ஸினையும் என் முகத்தையும் பார்த்தார். "உள்ள மைனஸ் பாய்" என்றேன், பரீட்சை பாஸான மாதிரி. கேமை வாங்கித் திருப்பி, "அட, புதுசு!" என்றார், அடியில் இருந்த ஒரு குட்டிக் கதவை விரலால் நகர்த்தித் திறந்தார், உள்ளே ஸ்பிரிங் எல்லாம் பளபளவென்று. "மேடம், இதுல நாலு பேட்டரி போட்டாலே ஓடுமே. அடாப்டரே வேணாம், எதுக்கு ரிஸ்க்கு?" என்றார். அந்தக் கதவு அங்கேதான் இருந்திருக்கிறது, அம்மாவின் உறைக்கு அடியில், நான் மூலையில் குத்த வைத்து உட்கார்ந்திருந்த அத்தனை நாளும். பிடிக்கவே வேண்டியிருந்திருக்காது. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். "இல்ல பாய், அவன் அடாப்டர்தான் கேட்டான்" என்றேன். "யாரு?" என்றார். "தம்பி" என்றேன். அவர் உள்ளே மைனஸ் போட்டதை எடுத்துக் கவரில் போட்டார். இங்கேயே மாட்டிப் பார்த்துக்கொள்ளலாமே என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். அதற்கு ஒரே ஒரு தடவை எரிகிற உயிர்தான் மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள், அதை ரிச்சி தெருவில் செலவு பண்ணவா? ஆட்டோவில் வரும் வழியெல்லாம் உறையைத் திரும்ப மாட்டி, தையல் பிரிந்த பக்கம் ரப்பர் பேண்ட் போட்டேன், அவன் கைக்கு ரெக்ஸின்தான் பழக்கம், வெள்ளையைப் பார்த்தால் யாரோ என்று நினைத்துவிடுவான்.

கட்டிலில் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்திருந்தாள் பெல்சி. கேமை மடியில் வைத்தேன். பார்த்தான். உறையைத் தடவினான், இடது கை விரல் ஒவ்வொரு ஓட்டையாகப் போய் வந்தது, பிறகு செத்த வலது கையைத் தூக்கி, அதன் கட்டைவிரலைத் தாண்டுகிற பட்டன் மேல் கொண்டுபோய் வைத்தான், குழந்தையைத் தூங்க வைப்பதுபோல. நான் குழலைச் சொருகினேன். கட்டிலுக்குப் பக்கத்துப் பாயிண்டில் அடாப்டரை மாட்டி, சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். புகை இல்லை. நாற்றம் இல்லை. ரெமி இடது கையால் பொத்தானைத் தள்ளினான், கேம் தொடங்கும்போது வருகிற அந்தப் பாட்டு, அந்த ஓட்டைப் பாட்டு, முப்பது வருசம் கழித்து அச்சு அசல் அதே பாட்டு, பெல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடுகிறது மாதாவே, ஓடுகிறது. ஆனால் அவன் விளையாடவில்லை. திரையைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்து திரும்பவும் தொடங்கியது, அவன் சுவரில் அடாப்டரையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு அடாப்டரை. "அடாப்டர்" என்றான். "மாட்டியாச்சு லே, பாரு, ஓடுது" என்றேன். "அடாப்டர்" என்றான் மறுபடி, முகம் சிவந்துவிட்டது, ஒருபக்க உதடு கோணி நடுங்கியது. இந்தக் காலத்து அடாப்டர், கனமே இல்லை, இறுகப் பிடித்துச் சுவரில் நிற்கிறது, அதற்கு யாரும் வேண்டாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது, மரமண்டைக்கு. மடங்காத முட்டியை மடக்கி, சுவரைப் பிடித்து, தரையில் குத்த வைத்து உட்கார்ந்தேன், கையை எடுத்து அதன் மேல் வைத்து அழுத்தினேன். லேசான சூடு. அங்கிருந்து திரை தெரியவில்லை, அவன் முகம் தெரிந்தது. "அது தானா நிக்குமே மைனி, எதுக்குக் கீழ உக்காருறீங்க, எந்திரிக்க முடியாது உங்களால" என்றாள் பெல்சி. "நீ சும்மா இரு பெல்சி." ரெமி தலையைக் குனிந்தான். நண்டு வருகிற சத்தம், மிக்கேல் விழுகிற சத்தம், மறுபடி முதலில் இருந்து, மறுபடி விழுந்தான். பிறகு அந்தச் செத்த விரலின் கணு வெளுத்தது, நான் பார்த்தேன், என் கண்ணால் பார்த்தேன், டொய்ங் என்று மிக்கேல் தாண்டினான். ரெமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விட்... றாத" என்றான்.

"விடல லே, நீ ஏறு."